சுல்தானுக்கு இரண்டு துண்டு போஞ்சி

கல்முனைச் சந்தையில் 100 கிராம் போஞ்சி கேட்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "நூறு கிராம் யாருக்குக் காணும்?" என்று மரக்கறிக் கடைக்காரர் முதல் நாள் கேட்டார். "பூனைக்கு" என்றேன். தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தோணி கரைக்கு வந்தால் மனிதர்களுக்கு முன்பாகப் பூனைகள் கூடிவிடுகிற ஊர் இது. சூடையும் கீரியும் கிடைக்கிற இடத்தில் பூனைக்கு மரக்கறி வாங்குகிறவனைக் கண்டு அவர் திகைத்ததில் பிழையில்லை.

எங்கள் சுல்தானுக்குப் பத்து வயது. நலமடிக்கப்பட்ட கடுவன். உண்பதும் உறங்குவதுமாக ஆறு கிலோவைத் தாண்டியிருந்தான். சென்ற ஆண்டு ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான். தட்டைத் துடைத்து உண்டும் மெலிந்தான். பின்னங்கால்களின் குதிவரை நிலத்தில் படிய வைத்து, முதியவர் செருப்பை இழுத்து நடப்பதுபோல நடந்தான். மிருக வைத்தியர் காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சீனி வருத்தம் சேர்" என்றார். எனக்கும் அதே வருத்தம்தான். நான் குளிசையோடு நிற்கிறேன். அவனுக்கோ பன்னிரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை இன்சுலின் ஊசி.

ஊசியைவிட உணவுதான் எங்களைத் திணறடித்தது. அதுவரை அவன் உண்டது நாங்கள் உண்டதைத்தான்: சோறும் மீன் ஆணமும், காலையில் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும். சோறும் பிஸ்கட்டும் இனி ஆகாது என்றார் வைத்தியர். பூனை முழு ஊனுண்ணி. அதன் உடல் புரதத்தைக் கொண்டு இயங்குவது. மாச்சத்து அதற்கு அவசியமே இல்லை. ஆணத்திலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பத்து வருடம் பாசத்தோடு எதை ஊட்டி வந்தோம் என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

உப்பில்லாமல் அவித்த மீனுக்கும் கோழிக்கும் அவன் இரண்டொரு நாளில் பழகிவிட்டான். பழகாதவர் என் மனைவி. அவர் குசினியில் பலகையில் அமர்ந்தால் அவன் வந்து முழங்காலில் தலையை முட்டுவான். அவர் ஏதாவது கொடுப்பார். அந்தக் கையை வெறுமையாக வைத்திருக்க அவரால் முடியவில்லை. வைத்தியர் ஒரு வழி சொன்னார். அவித்த போஞ்சியில் இரண்டு துண்டு, அல்லது தோல் சீவிய வெள்ளரிக்காய். நீரும் நாருமே அதிகம், சீனியை உயர்த்தாது. உருளைக்கிழங்கும் சோளமும் வேண்டாம். எதுவானாலும் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

"இது பூனையா, ஆடா?" என்று மனைவி சிரித்தார். ஆனால் சுல்தான் போஞ்சியை முகர்ந்தான், காலால் தட்டினான், பல்லி பிடிப்பதுபோலப் பாய்ந்தான், கடைசியில் தின்றான்.

அவன் தின்ற மகிழ்ச்சியில்தான் தவறு நேர்ந்தது. ஒரு மாலை, இரண்டு துண்டு பத்துப் பன்னிரண்டாகிவிட்டது. வயிறு நிறைந்தவன் மீனைத் தொடவில்லை. நான் ஒரு கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் தட்டைப் பார்க்காமலே ஊசியைப் போட்டுவிட்டேன். இஷாவுக்கு முன் அவன் தள்ளாடினான், சுவரில் மோதினான், பிறகு விழுந்தான். உணவில்லாத உடலில் இன்சுலின் இருந்த சீனியையும் இறக்கிவிட்டது. தொலைபேசியில் வைத்தியர் சொன்னபடி விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவிக்கொண்டு ஓட்டோவில் ஓடினோம். மனைவி ஸலவாத்து ஓதியபடி வந்தார். வழியிலேயே அவன் தலையைத் தூக்கினான்.

அந்தத் தேனின் இனிமை அவனுக்குத் தெரிந்திருக்காது. இனிப்பை உணர வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனைகளில் செயலிழந்திருப்பதைப் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தினர் 2005இல் கண்டறிந்தார்கள். பெருநாள்தோறும் வட்டிலப்பக் கிண்ணத்தை அவன் நக்கியது முட்டைக்கும் தேங்காய்ப்பாலுக்கும்தான் போலும். கருப்பட்டி அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல.

உம்மாவுக்கு அது பொருட்டாக இருந்தது. அவருக்கும் இதே வருத்தம். கொழும்பில் பத்திரிகை வேலையிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்த நான், அவர் கையிலிருந்த வட்டிலப்பத் தட்டைப் பிடுங்கி வைத்தேன். "ஒரு கரண்டிதான் மனெ" என்றார். நாலு வார்த்தை கடிந்து பேசினேன். மருத்துவப்படி நான் சொன்னது சரிதான். ஆனால் தட்டை எடுத்த கையால் வேறெதையும் எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு கொய்யாத் துண்டாவது கொடுத்திருக்கலாம். 2003இல் அவர் மௌத்தானார். சுல்தானின் போஞ்சியை நறுக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது. பூனைக்குக் காட்டிய பொறுமையைப் பெற்றவளுக்குக் காட்டவில்லையே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஒழுங்கு மாறிவிட்டது. முதலில் மீன், தட்டு காலியானதைக் கண்ணால் பார்த்த பின் ஊசி, அதன் பிறகே போஞ்சி. துண்டுகளை எண்ணிக் கொடுப்பது நான், கையில் ஏந்தி ஊட்டுவது மனைவி. சில நாட்களில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை உருட்டி விளையாடுகிறான். வெள்ளிக்கிழமை வீடு கூட்டும்போது கட்டிலுக்கடியில் காய்ந்த போஞ்சித் துண்டுகள் ஏழெட்டு அகப்படுகின்றன. கடைக்காரர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. என்னைக் கண்டதும் பிஞ்சாகப் பொறுக்கி எடுத்து வைக்கிறார்.