பட்டறையும் பதவியும்

உழைத்து உயர்ந்தவரைப் போற்றுவது தமிழ்ச் சமூகத்தின் நல்லியல்பு. ஆயின், பதவியுயர்வு என்று வாழ்த்தப்படுவது பல வேளைகளில் உயர்வு மாத்திரமன்று. கைவந்த தொழிலொன்றை விட்டு, அறியாத தொழிலொன்றைப் புதிதாகக் கற்கத் தொடங்குவதுமாகும். வாழ்த்துவோர் இதனை எண்ணுவதில்லை; வாழ்த்தப்படுபவரும் உடனே உணர்வதில்லை. கொட்டாஞ்சேனையிற் பிறந்து வெள்ளவத்தையில் வாழும் மென்பொருள் முகாமையாளர் ஒருவருக்கு இதனை உணர ஏழு ஆண்டுகள் சென்றன.

அவருடைய தந்தையார் செட்டியார் தெரு நகைப்பட்டறையொன்றில் வேலை பார்த்தவர். இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, மூன்று பிள்ளைகள். மூத்தவரான இவர் 2002 ஆம் ஆண்டு கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார். எனினும், கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி அவரைப் பல்கலைக்கழக வாயிலிலேயே நிறுத்திவிட்டது. அத்தகையோருக்குத் துணையாக அமைந்தது, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டநெறி. பகலில் கடையொன்றிற் கணக்கெழுதி, மாலையில் வகுப்புக்குச் சென்று பயின்று, 2006 இல் நிறுவனமொன்றில் செய்நிரலாளராகச் சேர்ந்தார்.

கொழும்பில் அத்துறை வேரூன்றி வளர்ந்த காலம் அது. 1996 இல் இங்கு தொடங்கப்பெற்ற மில்லேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 2009 இல் இலண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. 2011 முதல் அச்சந்தையின் பங்கு வியாபாரம் அந்நிறுவனத்தார் ஆக்கிய மென்பொருளிலேயே நடைபெறலாயிற்று. இங்கிருந்து எழுதும் வரிகள் உலகின் மறுகோடியில் இயங்குகின்றன என்னும் பெருமிதம் அக்கால இளைஞர் பலரிடத்தும் இருந்தது, அவரிடத்தும் இருந்தது.

செய்நிரலாளரின் வாழ்வில் தனித்த இன்பம் ஒன்றுண்டு. காலையில் இயங்காதிருந்தது மாலையில் இயங்கும். பல்லாயிரம் வரிகளுக்கிடையில் எங்கோ ஒளிந்திருக்கும் பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்திய கணத்தில், ஒருவரிடமும் சான்று கேட்க வேண்டியதில்லை. இயந்திரமே சான்று. அன்றைய உழைப்பு அன்றே கண்முன் நிற்கும். அந்த இன்பத்தில் ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

2015 இல் அவர் முகாமையாளரானார். தாயார் பொன்னம்பலவாணேசர் கோயிலில் அருச்சனை செய்வித்தார். சம்பளம் உயர்ந்தது, அதனால் வங்கிக் கடன் கிடைத்தது, கடனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வீடு வந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிபெயர்தலும் ஒருவகைப் பதவியுயர்வாகவே கருதப்படுகின்றது. இரண்டு உயர்வுகளும் ஒருசேர வந்தமையால் உறவினர் இரட்டிப்பாக வாழ்த்தினர்.

ஆனால், அவருடைய நாள்கள் வெறுமையாயின. ஒன்பது பேர் கொண்ட குழு. கூட்டங்கள், கால மதிப்பீடுகள், வாடிக்கையாளரின் மின்னஞ்சல்கள், விடுமுறை விண்ணப்பங்கள். "இண்டைக்கு என்ன வேலை?" என்று மனைவி மாலையில் வினவினால், "கதைச்சுக்கொண்டிருந்தனான்" என்பதைவிட உண்மையான விடை அவரிடம் இல்லை.

இக்குறை அவருக்கு மாத்திரம் உரியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணினிகளுக்குரிய இயங்குதள ஆக்கத்தை 1960 களில் நெறிப்படுத்திய பிரெட்ரிக் புரூக்ஸ், அந்த அனுபவங்களை ஆராய்ந்து 1975 இல் நூலொன்றை வெளியிட்டார். காலந்தாழ்ந்த மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பது அவருடைய புகழ்பெற்ற முடிபு. புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஏனையோருடன் பேசி இணங்க வேண்டும். ஐவர் கொண்ட குழுவில் இருவரிருவராய் அமையும் தொடர்புகள் 10. பதின்மர் கொண்ட குழுவில் அவை 45. ஆள்தொகை இருமடங்காகும்போது தொடர்புகள் நான்கு மடங்கினையும் விஞ்சுகின்றன. எனவே பேசுவதும் பேச வைப்பதும் வேலையே. அந்நூலை அவர் வாசித்தார். அறிவு ஏற்றுக்கொண்டது, கை ஏற்றுக்கொள்ளவில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அக்கைக்கு ஒரு வாய்ப்பளித்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அம்மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. ஆறு மாதங்களில் அவருடைய குழுவினர் நால்வர் வெளிநாடு சென்றனர். நால்வரின் விலகற் கடிதங்களையும் ஏற்று ஒப்பமிட்டவர் அவரே. எஞ்சிய வேலையை இரவுகளில் தாமே எழுதத் தொடங்கினார். களைப்பு மிகுதி, எனினும், இழந்த இன்பம் மீண்டது.

அவ்வாண்டு குழுவிற் சேர்ந்த இளம்பெண்ணொருத்தி, வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் தங்கியிருந்தவள். ஒரு பிழையை மூன்று நாள்களாகத் தேடிக்கொண்டிருந்தாள். நான்காம் நாளிரவு அவர் அதனை இரண்டு மணித்தியாலத்திற் கண்டு திருத்திவிட்டார். மறுநாட் காலை நன்றியை எதிர்பார்த்திருந்தவரிடம் அவள் தணிந்த குரலிற் கூறினாள்: "அண்ணா, நான் கிட்ட வந்திட்டன். இன்னும் ஒரு நாள் தந்திருக்கலாம்."

அதன் பின்னரே மற்றொன்றும் அவர் கண்ணிற் பட்டது. கடினமான பகுதிகளை எல்லோரும் தொடாமலே விட்டுச் செல்லப் பழகியிருந்தனர். இரவில் அண்ணா பார்ப்பார் என்பது குழுவின் வழக்கமாகிவிட்டிருந்தது.

அவருடைய தந்தையார் கொட்டாஞ்சேனையை விட்டு வர மறுத்து, இளைய மகனுடன் அங்கேயே இருக்கிறார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சென்றபோது, பேச்சுக்கிடையே இச்செய்தியும் வந்தது. முதியவருக்குக் கணினி தெரியாது, பட்டறை தெரியும். கண் மங்கத் தொடங்கிய காலத்தில் அவரையும் பட்டறைக்குப் பொறுப்பாளராக்கியிருந்தனர். காலையில் ஒவ்வொருவருக்கும் பொன்னை நிறுத்துக் கொடுத்தல். மாலையில் நகையையும் அராவிய தூளையும் நிறுத்து வாங்கல். குறைவதைச் சேதாரமாக எழுதுதல். இதுவே அவர் வேலையாயிருந்தது.

"பழகிற பொடியன்ர கையில சேதாரம் கூடத்தான் போகும், தம்பி. அதைப் பொறுக்கேலாமல் நகையை நான் வாங்கிச் செய்தால் அண்டைக்கு நகை முடியும். ஆனா, பொடியன் தொழில் பழகமாட்டான். முதல் ஒரு வருசம் என்ர கையை மடியில வைச்சிருக்கத்தான் நான் படிச்சனான்."

அடுத்த கடினமான பிழையை அவர் அப்பெண்ணிடமே ஒப்படைத்து நான்கு நாள்கள் கொடுத்தார். அவளுக்கு ஐந்து நாள்கள் பிடித்தன. வாடிக்கையாளரின் கடுஞ்சொல்லை அவரே முன்னின்று ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு நாள் சேதாரம். இன்று அவள் புதியவர் இருவருக்கு வழிகாட்டுகிறாள். அவளுடைய பிழைகளை இப்போது அவளே தேடிக்கொள்கிறாள்.

இதனால் அவருடைய குறை முற்றாகத் தீர்ந்துவிட்டதெனக் கூறுதல் பொருந்தாது. முகாமையாளராகாமல், தொழில்நுட்ப வழியிலேயே உயர இடமளிக்கும் நிறுவனங்களும் உள்ளன. அவ்வழி செல்லலாமோ என்னும் எண்ணம் அவருக்கு இன்னும் எழுவதுண்டு. வீட்டுக்கடனின் மாதத் தவணை அந்த எண்ணத்தை அடக்குவதும் உண்டு. நல்ல கைவினைஞன் ஒருவனுக்கு மதிப்பளிக்க, அவன் கையிலிருந்து கருவியை வாங்கிவிடுவதைத் தவிர வேறு வழி காணாத சமூகம், கைவினைஞனையும் இழந்து, சில வேளைகளில் நல்ல முகாமையாளனையும் பெறாது போகின்றது. இவர் அந்த இரண்டாம் இழப்பைத் தவிர்த்தவர். அதற்கு அவருக்கு உதவியது பதவி அன்று. பட்டறையில் ஒருவர் தம் கையை மடியில் வைத்துக் கற்ற பாடம்.

இப்போதும் மாலையில் மனைவி அன்றைய வேலையை வினவுவதுண்டு. "அந்தப் பிள்ளைகள் செய்தவை" என்று அவர் சொல்லத் தொடங்குகிறார்.