அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது?



போன கிழமை ஆய்வுகூடப் படங்களைப் போட்டதிலிருந்து ஊரவர்கள் பலர் கேட்கிறீர்கள், மேசையில் வயர் தொங்கத் தொங்க இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி என்னவென்று. "வைஃபை ரௌட்டரா டீச்சர்?" என்றார் ஒரு நாநா. சிசிடிவி என்று நினைத்தவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

அதன் பெயர் நெஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் யூஎஸ்பி-6008. தரவு சேகரிக்கும் கருவி. வோல்ற்றளவை எண்ணாக மாற்றி யூஎஸ்பி கேபள் வழியே கொம்பியூட்டருக்கு அனுப்பும். வெப்பநிலை, ஒளி, அமுக்கம் எதுவும் அதற்குத் தெரியாது, வோல்ற்று மட்டும்தான் தெரியும். மற்றதையெல்லாம் வோல்ற்றாக மாற்றிக் கொடுப்பது சென்சரின் வேலை. வெளிநாட்டில் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், அங்குள்ள ஆய்வுகூடம் ஒன்றில் கழித்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி, பெருநாளைக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

இது எதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு? செய்முறைப் பாடம் எப்படி நடக்கிறதென்று ஊரில் தெரியாதவர் இல்லை. சுடுநீர் ஆறுவதை அரை மணித்தியாலம் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு எடுக்க வேண்டும். பாடவேளை 40 நிமிடம், அடுப்புப் பற்றவே பாதி போய்விடும். பிறகு போன வருடக் கொப்பி கைமாறும். வாசிப்புகள் அழகாக இருக்கும், வளையியும் அழகாக வரும். தண்ணீர் மட்டும் சுட்டிருக்காது. கல்வியியற் கல்லூரிக் காலத்திலிருந்தே எங்களை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. விஞ்ஞானம் என்றால் ஏற்கெனவே தெரிந்த விடைக்கு எண்களைச் சோடிப்பது என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு எத்தனை பாடம் எடுத்தும் அதை மாற்றுவது கஷ்டம்.

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் அதன் ட்ரைவர் மென்பொருளை லெப்டொப்பில் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் கேபளைச் செருக வேண்டும். கோப்பு பெரியது, இரவு டேட்டாவில் இறக்கினோம். செருகியதும் கேபள் பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வயர்கூடப் பூட்டாமல் பிள்ளைகளிடம் திரையைக் காட்டினோம். பூச்சியம் வரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்ததோ 1.4 வோல்ற்று. பழுது என்றார் ஒருவர். பழுதில்லை. உள்ளே இருக்கும் தடையிகள் ஒவ்வொரு உள்ளீட்டையும் மெதுவாக மேலே இழுத்து வைத்திருக்கின்றன, எதுவும் பூட்டாவிட்டால் அது ஏறத்தாழ 1.4இல் நிற்கும். எங்களுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் கிடைத்திருக்காது. திரையில் எண் வருகிறது, ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வயரை எடுத்து ஏஐ 0 முனையையும் ஜீஎன்டீ முனையையும் தொடுத்த பிறகுதான் பூச்சியம் வந்தது. அதன் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார்கள். திரையில் 1.4 கண்டால் வேறெதுவும் பேசாமல் ஸ்குரூ ட்ரைவரை எடுத்து இறுகாத ஸ்குரூவைத் தேடுவார்கள்.

சென்சர் எல்எம்35. மூன்று கால், ட்ரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், பாகைக்கு 10 மில்லிவோல்ற்று தரும். 30 பாகை என்றால் 0.3 வோல்ற்று. தட்டைப் பக்கம் எங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடதுபக்கம் 5 வோல்ற்று, நடுவில் வெளியீடு, வலதுபக்கம் ஜீஎன்டீ. பெட்டியின் 31ஆம் முனையிலிருந்து 5 வோல்ற்றும் 32இலிருந்து ஜீஎன்டீயும் எடுத்தோம். வெளியீடு 2ஆம் முனைக்குப் போகிறது. இன்னொன்றும் உண்டு. எல்எம்35 மின்னோட்டம் கொடுக்கும், வாங்கிக்கொள்வதில் அவ்வளவு கெட்டியில்லை. நாங்கள் சொன்ன அந்த 1.4 வோல்ற்று இழுவை சிறிதளவு மின்னோட்டத்தை சென்சருக்குள் தள்ளப் பார்க்கும். அதற்கு வழிவிட, வெளியீட்டுக்கும் ஜீஎன்டீக்கும் இடையே 1 கிலோஓம் தடையி ஒன்றைப் போட்டோம். கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் நாநா பற்றவைத்து, தண்ணீர் போகாமல் சுருங்கும் குழாயும் மாட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

முதல் வரைபு படிக்கட்டு மாதிரி வந்தது. ஒரு பாகை, அடுத்த பாகை என்று தத்தித் தத்தி இறங்கியது. பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் அப்படி, சாதாரண ஒற்றை முனை முறையில், பூட்டினோம். அந்த முறையில் பெட்டி மறை 10 முதல் நேர் 10 வோல்ற்று வரையான முழு வீச்சையும் 2048 படிகளாகத்தான் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 10 மில்லிவோல்ற்று, அதாவது ஒரு பாகை. மீன் நிறுக்க லொறி நிறுக்கும் தராசைப் பாவித்த கதை. பிறகு 3ஆம் முனையைச் சென்சரின் ஜீஎன்டீ வயரோடு சேர்த்து, வித்தியாச முறைக்கு மாற்றி, வீச்சை 1 வோல்ற்றுக்குச் சுருக்கினோம். இப்போது 4096 படி, ஒவ்வொன்றும் அரை மில்லிவோல்ற்று. கூடுதலாகப் பூட்டியது ஒரேயொரு வயர். படிக்கட்டு வழுவழுப்பான வளையியாகிவிட்டது.

கோட்டில் இருந்த நடுக்கம் மின்சார வயர்களின் 50 ஹேட்ஸ் இரைச்சல். செக்கனுக்கு 1000 வாசிப்பு எடுத்துச் சராசரி கண்டால், ஒரு செக்கனுக்குள் அந்த இரைச்சல் சரியாக 50 தடவை மேலும் கீழும் போய்த் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

பிறகு செம்புக் கலோரிமானியில் 85 பாகைத் தண்ணீர். 20 நிமிடம் போனதும் வளையி திடீரென்று செங்குத்தாகச் சாய்ந்தது. கொப்பியில் இருக்கிற வளையி அப்படிச் சாயாதே என்று எல்லோரும் முழித்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவர், சொன்னார்: "டீச்சர், அது கரண்ட் வந்து ஃபேன் சுத்தத் தொடங்கின நேரம்." நேரத்தைப் பார்த்தோம், சரியாக இருந்தது. இந்தச் சாய்வை எந்தக் கொப்பியிலிருந்தும் பார்த்து எழுத முடியாது.

அவருடைய வாப்பா மீன் வியாபாரி. அடுத்த நாள் பாடசாலைக்கு வந்து நேராகவே கேட்டார், "இது சோதனைக்கு வருமா?" வராது என்றோம். பரீட்சைத் தாளில் வெப்பமானியும் நிறுத்தற் கடிகாரமும்தான். சென்சரைக் கையில் கொடுத்தோம். பொத்திப் பிடித்தார், கோடு ஏறி 34இல் நின்றது. "ஏன் 37 காட்டல்ல?" மகள்தான் பதில் சொன்னார், உள்ளே 37, உள்ளங்கையின் தோலில் அதைவிடக் குறைவு என்று. மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெஜிபோம் பெட்டிக்குள்ள போடலாமா? ஐஸ் எத்தன மணி வரைக்கும் நிக்குதெண்டு பார்க்க ஏலுமா?" என்றார்.

ஏலும். எல்எம்35 இந்த அமைப்பில் 2 பாகைக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. ஆனால் மீனுக்கு ஆபத்து அதற்கு மேலேதானே. வித்தியாச முறையில் நான்கு சென்சர் பூட்டலாம். புதிய பெட்டி, மூடி உடைந்த பெட்டி, சாக்குப் போர்த்திய பெட்டி, எல்லாவற்றையும் ஒரே இரவில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக் கரண்ட்டை இதில் அளந்து தாருங்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். இந்தப் பெட்டிக்கு 10 வோல்ற்று, வீட்டுச் சுவரில் 230. பெட்டியும் லெப்டொப்பும் போகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆய்வுகூடம் திறந்திருக்கும், அதிபர் அனுமதி தந்துவிட்டார். மீன் பெட்டிகளும் ஐஸும் அந்த வாப்பாவின் பொறுப்பு. விண்டோஸ் 10 ஓடும் பழைய லெப்டொப் ஏதும் சும்மா கிடந்தால் தாருங்கள், இப்போது பாவிப்பது எங்கள் ஒருவருடைய சொந்த லெப்டொப். பழைய டெலிஃபோன் கேபள் துண்டு இருந்தாலும் வீசிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஒற்றைக் கம்பி அந்தச் சின்ன ஸ்குரூக்களுக்குள் நன்றாகப் பிடிக்கும், நான்கு சென்சருக்கு இன்னும் ஏழெட்டு மீற்றர் தேவை.