முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் காயலுக்கு

அரையாண்டு லீவில் எங்கே போவது என்கிற பஞ்சாயத்தில் மகள் ஜெயித்துவிட்டாள். குற்றாலம், பாபநாசம், திருச்செந்தூர் என்றே சுற்றிக்கொண்டிருந்த குடும்பம் கொச்சிக்குக் கிளம்பியது. திருநெல்வேலியில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் தென்காசி, செங்கோட்டை, புனலூர் எல்லாம் தூக்கத்திலேயே கடந்துவிடும், காலையில் எறணாகுளம். அப்பாவையும் கூட்டிக்கொண்டோம். "பழைய கிட்டங்கியப் பாக்கவா ரயிலேறிப் போணும்?" என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் ஜான் ஆஸ்பின்வால் தொடங்கிய கம்பெனியின் இடம். தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள், பிறகு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று மலையாளக் கரையில் விளைந்ததெல்லாம் இங்கே குவிந்து கப்பலேறியிருக்கிறது. வியாபாரம் போன பின் சும்மா கிடந்த வளாகத்துக்கு 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய கொச்சி பியனாலே கலைத் திருவிழா மறுபடி ஆள் நடமாட்டத்தைக் கொண்டுவந்தது. நாங்கள் போனதும் பியனாலே பருவத்தில்தான். மகள் ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் ஒட்டியிருந்த விளக்கத்தைப் பொறுமையாக வாசித்தாள். என் மனைவி நிழலாக ஒரு பெஞ்சு பிடித்தாள். அப்பாவோ படங்களை விட்டுவிட்டு அவை மாட்டியிருந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இருட்டறையில் வீடியோ ஓடிய இடத்தில் மட்டும், "இதுக்குள்ள என்னத்தலே பாக்கானுவ?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்கும் தைரியம் இல்லை.

அவர் தெளிந்தது பின்பக்கம் காயலைப் பார்த்த பிறகு. அங்கிருந்து மட்டாஞ்சேரி வரை நடந்தோம். வழியில் பெப்பர் ஹவுஸ். நடுவில் முற்றம் விட்டு எதிரெதிரே நிற்கும் இரண்டு ஓட்டுக் கிட்டங்கிகள். இப்போது காப்பிக்கடையும் கலைஞர்கள் தங்கி வேலை பார்க்கும் அறைகளும் இருக்கின்றன. பஜார் ரோட்டின் கட்டடங்கள் தெருவிலிருந்து குறுகலாகத் தெரிகின்றன. உள்ளே போனால் நீண்டுகொண்டே போய்த் தண்ணீரில் முடிகின்றன. "முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் காயலுக்கு. இந்தப் பக்கம் வண்டி, அந்தப் பக்கம் வள்ளம். சரக்கு ஒருதரம் உள்ள வந்தா திரும்ப வேண்டாம், நேரா போயிரும்" என்று பேத்திக்குச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அந்தத் தெரு முழுக்கப் புரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த எந்தக் குறிப்பும் இதைச் சொல்லவில்லை.

ஆனால் பஞ்சு வேறு விஷயமாம். மிளகுக்குக் காற்று வேண்டும். பஞ்சுக்கு நெருப்புப் பயம். வாசலிலேயே பீடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எடை கூட்டத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவரும் ஆட்களும் உண்டு என்பதால் பொதிக்குள் முழங்கை வரை கைவிட்டு ஈரம் பார்ப்பது அப்பாவின் அன்றாட வேலை. கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பஞ்சை விரலில் இழுத்துப் பார்த்தே தரம் சொல்லுவார்.

பஜார் ரோட்டில் எனக்குப் பிடித்தது அது இன்னும் முழுசாகச் சீர்திருந்தவில்லை என்பதுதான். ஒரு கதவுக்குள் கண்ணாடித் தட்டில் கேக். அடுத்த கதவுக்குள் தரை முழுக்கச் சுக்கைப் பரப்பிப் பெண்கள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். லாரி பின்னால் வர, படம் எடுப்பவர்கள் ஒதுங்குகிறார்கள். சிங்கப்பூர் கிளார்க் கீயில் இந்தக் கலப்பு இல்லை. அந்த ஆற்றுக் கரையிலும் தமிழர்கள் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். 1993இலிருந்து அங்குள்ள கிட்டங்கிகள் சாப்பாட்டுக் கடைகள், பளிச்சென்று. மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளோ அடையாளமே இல்லாமல் போய், அந்த இடத்தில் மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. இடித்ததை விடப் பளிச்சிட்டது தேவலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சுவரை மட்டும் காப்பாற்றிவிட்டு, சுமந்தவனைக் கழுவித் துடைத்துவிடுகிறார்கள்.

மட்டாஞ்சேரியில் சுமந்தவன் கதை சாதாரணமானதல்ல. அந்தக் காலத்தில் துறைமுக வேலைக்குக் காலையில் கூட்டம் கூடும். ஆள் பிடிப்பவர் 'சாப்பா' என்கிற உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார். பாய்ந்து பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இதைப் பற்றியதுதான். அப்பாவிடம் சொன்னேன். "வில்லைய எறிஞ்சானா? நாயிக்கு எறியுத மாதிரியா?" என்றவர், அதன் பிறகு எதிரே வந்த ஒவ்வொரு சுமைக்காரருக்கும் வழிவிட்டு நின்றார்.

இந்த இடத்தில் தூத்துக்குடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கும் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் அங்கே மில் வைத்தார்கள். தூத்துக்குடியில் 1888இல் கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று அந்தக் கோரல் மில்லில்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நிற்க வேலைநிறுத்தம் தொடங்கியது, நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12இல் தலைவர்களைக் கைது செய்ததும் மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. இவ்வளவுக்கும் அடியில் இருந்தது பஞ்சுதான். தூத்துக்குடியில் இன்னமும் கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு பெயர் புழங்குகிறது, பஞ்சைத் தவிர எல்லாம் விற்கும் தெருவுக்கு.

இரண்டு ஊருக்கும் தலையெழுத்தும் ஒன்றே. ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணில் வில்லிங்டன் தீவை எழுப்பியதும் கப்பல்கள் மட்டாஞ்சேரியை விட்டு அந்தப் பக்கம் போயின. தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் கப்பல் தூரத்தில் நிற்க, சரக்கைத் தோணியில் கொண்டுபோவார்கள்; 1974இல் புதிய துறைமுகம் வந்ததும் அந்த வேலை சுருங்கியது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி மட்டும் இன்றும் போகிறது.

திரும்பும்போது ரயிலில் மகள் திட்டமே போட்டுவிட்டாள். தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கிட்டங்கியைத் திறந்துவிட்டால் போதுமாம். உள்ளே முதலில் தராசு, கொக்கி, கூலிக் கணக்கு நோட்டு. பிறகு வேண்டுமானால் ஓவியம். விளக்கம் சொல்லத் தாத்தா.

"வெயிலுக்கு யாருட்டி வருவா?" என்றார் அப்பா.

பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை லட்சக்கணக்கில் வருகிறார்களே, அவர்களில் கொஞ்சம் பேர் நாலு தெரு தள்ளி நடந்தால் ஆகாதா என்று அவள் விடவில்லை.

"நடப்பானுவ. மக்ரூன் கடைக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா மேல் பெர்த்துக்கு என்னை ஏறச் சொன்னார்.