புள்ளிக் கணக்கு

அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு அழைப்பனுப்ப, பள்ளத்தூர் வீட்டிலிருந்த முகவரி நோட்டுகள் இரண்டையும் நாங்கள் உடன்பிறந்தார் இருவரும் கணினியில் ஏற்றினோம். ஒன்று காலஞ்சென்ற ஐயா எழுதியது, மற்றது அப்பச்சியுடையது. விலாசமும் பெயரும் ஒரே கட்டத்தில் ஒட்டிக் கிடந்தன. விலாசம் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் முகவரியன்று; பாட்டனார், தகப்பனார் என்று பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் தலைப்பெழுத்துகளும் விலாசந்தான்.

எக்செலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' என்றொரு வசதி உண்டு. புள்ளி வருமிடமெல்லாம் வெட்டச் சொன்னோம். நொடியில் வெட்டியது. ஆனால் ஒரு தலைப்பெழுத்து உடையவரின் பெயர் இரண்டாம் நெடுவரிசையிலும், மூன்று உடையவரின் பெயர் நான்காவதிலும் போய் நின்றது. இயந்திரம் இடமிருந்து எண்ணுகிறது. பரம்பரையையோ வலக்கோடியிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். 'டெக்ஸ்ட்ஆஃப்டர்' சூத்திரத்தில் புள்ளியையும் மைனஸ் ஒன்றையும் கொடுத்து, கடைசிப் புள்ளிக்கு அப்பாலுள்ளதை மட்டும் எடுத்தபின்பே பெயர்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன.

விலாசத்தைப் பிரிப்பது இன்னும் கடினம். காரைக்குடி ஏவி. மெய்யப்பனின் பெயருக்கு முன்னுள்ள 'ஏவி' முழுவதும் ஆவிச்சி என்ற ஒரே தகப்பனார். பலரும் எழுதுவதுபோல நடுவே ஒரு புள்ளி வைத்துவிட்டால், எக்செல் அவரை இருவராக்கிவிடும்.

பெயர்வாரியாக அடுக்கியபோது ஒருவர் இரண்டுமுறை வந்தார். ஊர் ஒன்று, பெயர் ஒன்று. விலாசம் மட்டும் வேறு. ஐயாவின் நோட்டில் அவருக்கு எங்கள் வீட்டு விலாசம் இருந்தது. ஐயா கைதவறி எழுதியிருப்பார் என்று எண்ணி, அந்த வரியை அழிக்கப்போனோம். அருகிலிருந்த அப்பத்தா தடுத்தார்கள்.

"தப்பில்லப்பா. அவுக ஐயாவுக்குக் கூடப்பொறந்த தம்பி. சின்னப் புள்ளையிலயே அந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. ஐயா மட்டும் கடைசிவரைக்கும் பழைய விலாசத்தையேதான் எழுதுவாக."

நகரத்தாரில் மணமான இணை ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். இருவரைச் சேர்த்து எண்ணும் சொல்லையே, பிரிக்கும் கத்தியாக எக்செலிடம் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அழைப்பிதழில், அவர் போன வீட்டு விலாசத்தையே எழுதினோம், அதுவே முறை. ஐயா எழுதியிருந்த வரியை மட்டும் பிரிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.