மோரும் அமோர்த்திஸரும்

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு பழைய காரின் படத்தைக் காட்டினான். "தாத்தா, சக்கரத்துக்குப் பக்கத்துல கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு பட்டை இருக்கே, அது என்ன?" என்று கேட்டான். ஷாக் அப்சார்பர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முழுக் கதையை அவனிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான கதையும் இல்லை.

1983. அரியலூரில் வாடகை வீட்டில் இருந்தேன். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். வீட்டுக்காரப் பெரியவரிடம் ஓர் ஆஸ்டின் செவன் இருந்தது, அவர் அப்பா வாங்கியது. 'பேபி ஆஸ்டின்' என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 747 சிசி எஞ்சின், முன்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், பின்னால் பக்கத்துக்கு ஒன்று. பெரியவரின் மனைவி கல்யாணமாகி வந்து இறங்கியது அந்த வண்டியில்தான். பெரம்பலூரில் பேத்தி கல்யாணம் நிச்சயமானதும், "அந்தக் கார்லதான் போவேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்தார்.

வண்டி ஓடியது. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் நாலு தடவை ஊஞ்சலாடிவிட்டுத்தான் நிற்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுபோட்ட சாலையில் 30 கிலோமீட்டர் சொச்சம் அப்படிப் போக முடியாது. எனக்கு ஸ்பானர் பிடிக்கும் கிறுக்கு உண்டு. "நான் பாத்துக்கறேன் ஐயா" என்றேன்.

அந்தக் கால ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கிடையாது. இரண்டு இரும்புக் கைகள். ஒன்றின் நுனி சட்டத்தில், இன்னொன்றின் நுனி அச்சில். இரண்டும் சேரும் இடத்தில் உராய்வுத் தட்டுகள், நடுவே ஒரு போல்ட், மேலே நட்சத்திரம் போல ஒரு ஸ்பிரிங் தகடு, ஒரு நட்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது கைகள் கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும், தட்டுகள் உரசும். நட்டை முறுக்கினால் உராய்வு கூடும். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் த்ருஃபோ என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்டு அதை வியாபாரமாக்கினார். பிறகு இங்கிலாந்தில் 'ஆந்த்ரே ஹார்ட்ஃபோர்டு' என்ற பெயரில் விற்றது.

ஆட்டம் நிற்க வேண்டும், அதற்கு முறுக்க வேண்டும் என்பது என் கணக்கு. பின் சக்கரங்கள் இரண்டிலும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். கையால் அமுக்கிப் பார்த்தால் வண்டி அசையவே இல்லை. பெருமையாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. வெள்ளோட்டமாகக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம் என்று அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம்.

ஆட்டம் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு கல்லும் நேராக முதுகில் வந்து இடித்தது. கோயில் வாசலில் அம்மாவால் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கினோம். மூன்று வாரம் படுக்கை. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாத வாடகையைக் கொடுக்கப் போனபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெரம்பலூரில் ஒரு வயதான மெக்கானிக் பாய் இருந்தார். வண்டியை அவரிடம் ஓட்டிப் போனேன். ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஸ்பிரிங்கைக் கட்டிப்போட்டுட்டீங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மாவின் ஊர் என்பதால் அரியலூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவன். இந்தச் சாமானுக்குப் பிரெஞ்சில் 'அமோர்த்திஸர்' என்று பெயர். அதன் நடுவே 'மோர்' இருக்கிறது. மோர் என்றால் சாவு. (வகுப்பில் வாத்தியார் இதைச் சொன்னபோது, மதியம் மோர்ச்சாதம் கொண்டு வந்த பையனைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.) வேகத்தை மெல்ல மெல்ல சாகடிப்பது என்று அர்த்தம். கடனைத் தவணையில் அடைப்பதற்கும் இதே சொல்தான். ஆங்கிலப் பெயர்தான் என்னை ஏமாற்றியது. அதிர்ச்சியை விழுங்குவது இந்தச் சாமான் அல்ல, ஸ்பிரிங். விழுங்கியபிறகு ஸ்பிரிங் திருப்பித் திருப்பித் துள்ளுகிறதே, அந்தத் துள்ளலை உராய்வால் சூடாக்கிக் கரைப்பதுதான் இதன் வேலை. நான் ஸ்பிரிங்கின் வாயையே அடைத்துவிட்டேன்.

பாய் இரண்டையும் கழற்றினார். ஒரு பக்கத் தட்டில் யாரோ கிரீஸ் பூசியிருந்தார்கள். மறுபக்கம் காய்ந்து தேய்ந்திருந்தது. புது லைனிங்கில் தட்டுகள் வெட்டினார். (அந்த லைனிங் தூசியை அன்று வாயால் ஊதினோம். அதில் கல்நார் இருக்கும். இன்று யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.) பட்டை ஸ்பிரிங்குகளின் இடையில் இருந்த துருவையும் தேய்த்து எடுத்தார். அந்தத் துருவும் ஒரு முரட்டு உராய்வுதான், கணக்கில் வராதது.

பிறகு நான் பார்த்தே இராத வேலை ஒன்று செய்தார். கையின் ஒரு நுனியைக் கழற்றிவிட்டு, மண்டியிலிருந்து வாங்கி வந்த ஸ்பிரிங் தராசை அதில் மாட்டி, செங்குத்தாக இழுத்தார். கை நகரத் தொடங்கும் இடத்திலும் நகர்ந்துகொண்டிருக்கும்போதும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். முதலாவது எப்போதும் கூடுதலாக இருந்தது. உராய்வின் குணம் அது: அசையும் வரைதான் அடம். அதனால்தான் சின்னக் கல்லுக்கு முரட்டுத்தனமாகவும் பெரிய பள்ளத்துக்குச் சோதாவாகவும் இருக்கும். எண்ணெய் ஷாக் அப்சார்பர் இதற்கு நேர்மாறு. வேகம் கூடக்கூடத்தான் எதிர்ப்பும் கூடும். அது வந்ததும் இது ஒழிந்ததில் ஆச்சரியமில்லை.

நட்டில் ஆறு முகம். ஒரு தடவைக்கு ஒரு முகம்தான் திருப்பினார். திருப்புவது, இழுப்பது, மறுபக்கம் போய் அதே அளவு வருகிறதா என்று பார்ப்பது. எத்தனை கிலோ என்று இங்கே எழுத மாட்டேன். வண்டிக்கு வண்டி மாறும், யாராவது அதை வைத்து முறுக்கிவிடுவீர்கள். கடைசியில் பின்பக்கத்தை அமுக்கி விட்டார். வண்டி எழுந்தது, ஒருமுறை லேசாகத் தாழ்ந்தது, நின்றது. "இதுக்கு மேல தொடாதீங்க சார்" என்றார்.

கல்யாணத்தன்று அம்மா காரில் ஏறுவாரா என்று வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. மருமகன் அம்பாசடர் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். அம்மா அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்டினில் ஏறினார். பெரம்பலூர் வரை ஒரு பேச்சில்லை. நான் முன் இருக்கையில் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மண்டப வாசலில் தானாகவே கதவைத் திறந்து இறங்கினார்.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.