வெள்ளை கோபுரத்திடம் ஏமாறும் கேமரா

ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்குப் பக்கம் போனவர்களுக்கு வெள்ளை கோபுரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெற்கே ராஜகோபுரம் கலர் கலராக நிற்க, இது மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில். காலை வெயிலில் கண் கூசும்.

இதன் எதிரே நிக்கான் எஃப்3 கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சாதாரண கேமரா இல்லை. 1980இல் வந்து 2001 வரை தயாரிப்பில் இருந்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகவே செய்தது. உடம்பை வடிவமைத்தவர் இத்தாலியின் ஜுஜாரோ, கார்களை வடிவமைப்பவர். ஆட்டோவில் வைத்து கோபுரத்தை எடுத்தால் என்ன வரும் தெரியுமா? சாம்பல் கோபுரம் :-)

பழுது எதுவும் இல்லை. எந்த மீட்டருக்கும் வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தர சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். அதிலும் எஃப்3 மீட்டர் தன் கணக்கில் 80 சதவீதத்தை வ்யூஃபைண்டர் நடுவில் உள்ள 12 மி.மீ. வட்டத்துக்கே கொடுக்கிறது. மீதி 20தான் சுற்றுப்புறத்துக்கு. வட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் முடிந்தது கதை. 100 ஐஎஸ்ஓ பிலிம், எஃப்/8 என்று வைத்துக்கொண்டால் நல்ல வெயிலுக்கு 1/500 நொடி போதும். மீட்டரோ 1/2000 வரை போய்விடும், அதாவது தேவையான வெளிச்சத்தில் கால் பங்கு. ஸ்லைடு பிலிமில் இதற்குப் பிராயச்சித்தம் கிடையாது.

இதைச் சரிசெய்ய இடது பக்கம், பிலிம் சுற்றும் குமிழைச் சுற்றி ஒரு டயல் இருக்கிறது. பிளஸ் 2 முதல் மைனஸ் 2 வரை. வெள்ளை கோபுரத்துக்கு பிளஸ் ஒன்றரையோ இரண்டோ வைக்கலாம். ஆனால் டயலைத் திருப்பி வைத்திருப்பதற்கான அடையாளம் எதுவும் வ்யூஃபைண்டருக்குள் தெரியாது. அப்படியே சில அடி நடந்து ஆயிரங்கால் மண்டபத்துக்குள் போனால், அங்கே நிழலும் கருங்கல்லும். அங்கே தேவை மைனஸ். மறந்தால் கல் சுண்ணாம்பாகிவிடும்! ஒரே பிரகாரத்தில் இரண்டு எதிரெதிர் பரீட்சை.

இருட்டில் இன்னொரு தொல்லை. ஷட்டர் வேகத்தை எல்சிடி எண்ணாகக் காட்டியது அந்தக் காலத்தில் புதுமைதான். வெளிச்சம் இல்லாவிட்டால் அது தெரியாது. விளக்கு உண்டு, அதற்கு பிரிசம் பக்கத்தில் குட்டியூண்டு சிவப்புப் பொத்தான். விரல் நுனிக்கே அகப்படாது. எல்லாம் தெரிந்த நிக்கான் இதை எப்படி விட்டார்களோ!

ஆனால் வ்யூஃபைண்டரைக் குறை சொல்ல முடியாது. சாதாரண எஸ்எல்ஆர்களில் பிலிமில் விழுவதில் 92, 93 சதவீதம்தான் கண்ணுக்குத் தெரியும். எஃப்3யில் 100. ராஜகோபுரத் தெருவில் ஓரத்தில் நுழையும் மின்கம்பி, பஸ்ஸின் மூக்கு எல்லாம் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

1987இல் கட்டி முடித்த அந்த 13 நிலை கோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். கீழே நின்று கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கோபுரம் பின்னால் சாயும். சாயாமல் இருக்க கேமராவை நேராகப் பிடிக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில், கேமராவை நெட்டுக்குப் பிடித்தாலும் முழுக் கோபுரமும் அடங்க எவ்வளவு தூரம் போகவேண்டும்? கணக்குப் போட்டால் 200 மீட்டர். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோடுதான் இருக்கும். நேராகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க, போகஸ் ஸ்கிரீனைக் கழற்றி கட்டம் போட்ட ஸ்கிரீனை மாட்டிக்கொள்ளலாம். மேலே இருக்கும் பிரிசமே கழன்று வருகிற கேமரா இது.

பேட்டரியும் கவலையில்லை. இரண்டு பொத்தான் பேட்டரி செத்தாலும் முன்புறம் ஒரு சின்ன லீவர் 1/60 நொடியில் ஷட்டரை இயக்கும். கோபுரம் ஓடிப்போகாது, நிதானமாக எடுக்கலாம்.

உற்சவத்தில்தான் வினை. மார்கழி, வைகுண்ட ஏகாதசி, அதிகாலை. நம்பெருமாள் ரத்னாங்கியில் பரமபத வாசலைக் கடக்கிறார். கூட்டம் நெருக்குகிறது. ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது, ஷட்டரும் 1/80க்கு மேல் போகக்கூடாது. சரி. ஃப்ளாஷை எங்கே மாட்டுவது? மற்ற கேமராக்களில் தலை உச்சியில். எஃப்3யில் அந்த பிலிம் சுற்றும் குமிழ் மேலேயே! 36வது படம் முடிந்ததும் ஃப்ளாஷைக் கழற்ற வேண்டும், பிலிமைச் சுற்ற வேண்டும், பின்மூடியைத் திறந்து புது ரோல் போட வேண்டும், திரும்ப ஃப்ளாஷை மாட்ட வேண்டும். இடிபடும் கூட்டத்தில், இரண்டே கையில்.

அடியில் எம்டி4 மோட்டாரை மாட்டினால் அது தானே பிலிமைச் சுற்றிவிடும், அதுவரை ஃப்ளாஷைத் தொட வேண்டாம், பின்மூடியைத் திறக்கத்தான் கழற்ற வேண்டும். ஆனால் அதற்கு 8 பென்சில் பேட்டரி, அந்த எடையும் கழுத்தில். மோட்டார் வாங்கக் காசில்லாதவர் 30வது படத்திலேயே ரோலை மாற்றிவிட்டுக் காத்திருக்கலாம். 6 படம் நஷ்டம். 36வது வரை போகிறேன் என்று நின்றால், புது ரோல் உள்ளே போவதற்குள் பெருமாள் வாசலைத் தாண்டியிருப்பார். அடுத்தது அடுத்த ஏகாதசிதான்.