“அசெம்பிளி தானே மச்சான்?”

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா நம்ம டிபார்ட்மென்ட்ல ரெண்டே வார்த்தைதான் காதுல விழும். ஒண்ணு ஐ.டி., இன்னொண்ணு கோர். கோர்னு சொல்லும்போதும் எல்லார் மனசுலயும் ஓடுறது சிப் டிசைன்தான். ஒரகடம் பக்கத்துல இருந்து ஒரு எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு நிறுவனம் கேம்பஸுக்கு வருதுன்னு நோட்டீஸ் போட்டா, குரூப்ல முதல் பதில் இதுவாத்தான் இருக்கும்: “அசெம்பிளி தானே மச்சான்?”

மூணாம் வருஷ லீவுல அப்படி ஒரு இடத்துக்கு நான் 21 நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். அந்த “தானே”வைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, இந்த மாதிரி கம்பெனிகள் என்ன செய்யுறாங்க? டெய்லர் கடையை நினைச்சுக்கோங்க. மாடல் நம்மளது, அளவு நம்மளது, தைக்கிறது அவர். இங்கேயும் அதேதான். சர்க்யூட்டை டிசைன் பண்ண நிறுவனம் மூணு விஷயம் அனுப்பும்: போர்டோட கெர்பர் ஃபைல், பாகங்களோட பட்டியல், எந்தப் பாகம் எந்த இடத்துல எந்தக் கோணத்துல உட்காரணும்னு சொல்ற ஃபைல். சில வாடிக்கையாளர்கள் பாகங்களையும் அவங்களே வாங்கிக் கொடுத்துடுவாங்க. சிலர் “துணியும் நீங்களே எடுத்துடுங்க”ன்னு மொத்தத்தையும் விட்டுடுவாங்க, அதுக்குப் பேர் டர்ன்கீ. எப்படி இருந்தாலும் முடிஞ்சு வெளிய போற பொருள்ல இருக்கிறது வாடிக்கையாளர் பேர் மட்டும்தான்.

இது நேத்து வந்த தொழில் இல்ல. ஃபாக்ஸ்கான் 1974-ல தைவான்ல டிவிக்கு பிளாஸ்டிக் குமிழ் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி. 1990-கள்ல பல பெரிய பிராண்டுகள் தங்களோட ஃபேக்டரிகளையே இந்த மாதிரி நிறுவனங்களுக்கு வித்துட்டு, டிசைனையும் விற்பனையையும் மட்டும் கையில வச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ரோட்டுல போனா ஃபாக்ஸ்கான், ஃப்ளெக்ஸ், சான்மினான்னு வரிசையா போர்டு பார்க்கலாம். அந்தப் பேர்ல கடையில ஒரு ஃபோன் வாங்கியிருக்கீங்களா? இல்லல்ல. அதான் விஷயம்.

லைன் எப்படி இருக்கும்னு சுருக்கமா சொல்லிடறேன். காலி போர்டு ஒரு பக்கம் உள்ளே போகும். முதல்ல சால்டர் பேஸ்ட் பிரின்டர். சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிற ஸ்டென்சிலை போர்டு மேல வச்சு, அந்த ஓட்டைகள் வழியா பேஸ்ட்டை இழுப்பாங்க. வாசல்ல அச்சுக் கோலம் போடுற மாதிரிதான். அடுத்து பிக் அண்ட் பிளேஸ் மெஷின், மணிக்கு பல்லாயிரம் பாகத்தை எடுத்து எடுத்து வைக்கும். அதுல சில கெப்பாசிட்டர் 0.6-க்கு 0.3 மில்லிமீட்டர். உப்புமா ரவையில ஒரு துகள்னு வச்சுக்கோங்க. அப்புறம் ரீஃப்ளோ அடுப்பு. ஈயம் இல்லாத சால்டர் 217 டிகிரியில உருக ஆரம்பிக்கும். போர்டை மெதுவா சூடேத்தி, கொஞ்ச நேரம் ஒரே சூட்டுல ஊறவிட்டு, உச்சமா 240, 245 வரைக்கும் கொண்டுபோய், ஆற விடணும். கடைசியா கேமரா வச்சு சோதிக்கிற ஏ.ஓ.ஐ. மெஷின். அது தப்புன்னு சொல்ற போர்டு எல்லாம் டச்-அப் டேபிளுக்கு வரும்.

பாடப் புத்தகத்துல வராத ஒரு எதிரி இங்க உண்டு: மெட்ராஸ் காத்து. ஐ.சி. பாக்கெட்டைப் பிரிச்சதுமே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். சில ஐ.சி.களைப் பிரிச்ச 168 மணி நேரத்துக்குள்ள அடுப்புக்கு அனுப்பியாகணும். இல்லன்னா உள்ள ஏறின ஈரம் சூட்டுல ஆவியாகி ஐ.சி.யையே உப்ப வச்சு விரிசல் விட்டுடும். பேஸ்ட்டும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த டப்பாவை மூடி திறக்காம மணிக்கணக்குல வெளிய வச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டேன். டச்-அப் டேபிள் அக்காதான் பதில் சொன்னாங்க. “ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாவை உடனே ஊத்தினா தோசை ஒழுங்கா வருமா தம்பி? அதுவும் இல்லாம, சில்லுன்னு இருக்கும்போது திறந்தா உள்ள வேர்த்துடும்.” கண்டன்சேஷனுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்த கிளாஸ்லயும் கேட்டதில்ல.

அந்த அக்காவுக்கு ஊரு விழுப்புரம் பக்கம். பிளஸ் டூ. ஹாஸ்டல், கம்பெனி பஸ், ஷிஃப்ட். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடி உட்கார்ந்து, தப்பா வந்த பாகத்தை எடுத்து மறுபடி வைக்கிறது வேலை.

நான் போன ரெண்டாவது வாரம் ஒரு போர்டுல பிரச்சனை வந்தது. சி 14-னு ஒரு சின்ன கெப்பாசிட்டர், படுத்திருக்க வேண்டியது, நடுகல் மாதிரி ஒத்தைக் கால்ல எழுந்து நின்னுச்சு. இதை டூம்ஸ்டோனிங்னு சொல்வாங்க. ஷிஃப்ட்டுக்கு 30, 40 வந்தது. பேஸ்ட் பிரின்ட் சரியில்லைன்னு ஸ்டென்சிலைத் துடைச்சாங்க. மெஷின் நகர்ந்து வைக்குதோன்னு நாசிலை மாத்தினாங்க. குறையல.

அக்கா செக்லிஸ்ட் தாளோட பின்பக்கத்துல பேனாவால கோடு போட்டு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. எந்த பாகம், எந்தப் பக்கம் தூக்கியிருக்கு, அவ்வளவுதான். மூணாம் நாள் புரோசஸ் இன்ஜினியர் சார் வந்தப்போ அதைக் காட்டினாங்க. “சார், பேஸ்ட் பிரச்சனைன்னா பக்கத்துல இருக்கிற சி 15-ம் எந்திரிக்கணும்ல? அது சும்மா படுத்திருக்கு. மெஷின் நகர்த்தி வச்சா ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் எந்திரிக்கும். இது எப்பவும் ஒரே பக்கம்தான் சார்.”

சார் அந்தத் தாளை எடுத்துட்டுப் போய் கெர்பரைத் திறந்தார். சி 14-க்கு ஒரு பேட் மெல்லிசான டிரேஸோட சேர்ந்திருந்தது. இன்னொரு பேட் கிரவுண்ட் காப்பரோட அப்படியே ஒட்டியிருந்தது, நடுவுல தெர்மல் ரிலீஃப் இல்ல. அவ்வளவு பெரிய காப்பர் சூட்டை இழுத்துக்கும், அதனால அந்தப் பக்கம் சால்டர் லேட்டா உருகும். அதுக்குள்ள இந்தப் பக்கம் உருகின சால்டர், பரப்பு இழுவிசையில பாகத்தைத் தன் பக்கம் இழுத்துத் தூக்கி நிறுத்திடும். தப்பு லைன்ல இல்ல. டிசைன்லயே இருந்தது.

ஆனா இது காண்ட்ராக்ட் தயாரிப்பு. டிசைன்ல ஒரு கோட்டைக்கூட இங்க இருக்கிறவங்க தொட முடியாது. வாடிக்கையாளருக்கு மெயில் போடலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். அதுவரைக்கும் சார் செஞ்சது, அடுப்புல 217-க்குக் கீழே ஊற வைக்கிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டினது. ரெண்டு பேட்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்த பிறகு உருகட்டும்னு. 40 வந்தது 3, 4 ஆச்சு. ஒன்பதாம் நாள் பதில் வந்தது, அடுத்த ரிவிஷன்ல மாத்திடறோம்னு. எங்கேயோ ஒரு ஏசி ரூம்ல கம்ப்யூட்டர்ல அழகா சிமுலேட் ஆன போர்டு அது. எங்க சறுக்கும்னு காட்டிக் கொடுத்தது ஒரு செக்லிஸ்ட்டோட பின்பக்கம்.

வாடிக்கையாளருக்குப் போன ரிப்போர்ட்டை நான் பார்த்தேன். “புரோசஸ் டீம் கண்டறிந்தது”ன்னு இருந்தது. அக்கா அந்த டீம்ல இல்ல. சொல்லப்போனா அந்த கம்பெனியிலயே இல்ல. ஆள் அனுப்புற ஒரு ஏஜென்சி மூலமா வந்தவங்க. ஐ.டி. கார்டு கயிறே வேற கலர். காண்ட்ராக்ட் முடிய இன்னும் நாலு மாசம். “போர்டும் காண்ட்ராக்ட், நானும் காண்ட்ராக்ட்”னு சிரிச்சாங்க. இது அவங்களுக்கு மூணாவது கம்பெனி.

ஏன் இப்படின்னு சாரைக் கேட்டேன். அவர் மழுப்பல. ஒரு போர்டுல கிடைக்கிற லாபம் ரொம்ப மெல்லிசு. விலையில பெரும்பங்கு பாகங்களுக்கே போயிடும். ஆர்டர் இந்த மாசம் ஏறும், அடுத்த மாசம் பாதியாகும். அந்த ஏற்ற இறக்கத்தை வாடிக்கையாளர் கம்பெனி மேல இறக்கி வைப்பார், கம்பெனி லைன்ல நிக்கிறவங்க மேல இறக்கி வைக்கும். நம்ம பக்கத்துக்கு இது புதுசில்ல. ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல ஆரம்பிச்ச நோக்கியா ஃபேக்டரியில 2014 நவம்பர்ல உற்பத்தி நின்னப்போ, ஆயிரக்கணக்கானவங்களோட கைப்பழக்கம் தெருவுக்கு வந்திருந்தது.

காரணம் புரியுது. ஆனா இன்ஜினியரிங் கண்ணோட பார்த்தாலும் இது நஷ்டக் கணக்குதான். மெஷினை வாங்கலாம், ஸ்டென்சிலை வெட்டலாம். “சி 15 ஏன் எந்திரிக்கல?”னு கேட்கிற கண்ணு வர வருஷக்கணக்கா போர்டு பார்த்திருக்கணும். நாலு மாசத்துல அந்தக் கண்ணு கேட்டைத் தாண்டிப் போயிடும். அடுத்து வர்றவங்க முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. “அசெம்பிளி தானே”ன்னு நாம கேம்பஸ்ல சொல்றதும், அந்தக் கார்டுக் கயிறோட கலரும் ஒரே எண்ணத்துல இருந்து வர்றதுன்னு எனக்குத் தோணுது. யோசிக்கிறது ஒருத்தர் வேலை, கை வேலை இன்னொருத்தருதுன்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம். சி 14 விஷயத்துல யோசிச்சது யாரு?

இந்த வருஷம் புரோசஸ் இன்ஜினியர் வேலைக்கு ஒரு கம்பெனி வருது. பேக்கேஜ் ஐ.டி.யை விடக் குறைவு. நான் பேர் கொடுத்திருக்கேன்.

ஜூனியர்ஸுக்கு ரெண்டு விஷயம். ப்ராஜெக்டுக்கு போர்டு அனுப்புறதுக்கு முன்னாடி கிரவுண்டோட சேர்ற சின்னப் பாகங்களுக்கு தெர்மல் ரிலீஃப் இருக்கான்னு பாருங்க. நீங்க பார்க்கலன்னா அதை யாரோ ஒருத்தர் மைக்ரோஸ்கோப்ல கண்ணு வலிக்கப் பார்க்கணும். இன்பிளான்ட் டிரெய்னிங் போனா மெஷினோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பாம, டச்-அப் டேபிள் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேளுங்க.

அக்கா பேரை இந்தக் கட்டுரையில போடட்டுமான்னு ஃபோன்ல கேட்டேன். “வேணாம் தம்பி, அடுத்த காண்ட்ராக்ட் வாங்கணும்ல”ன்னாங்க.